டேர்டெவில் வேஷம்: கறுப்பா, சிவப்பா?

முதல் முறை கட்டுகிறவர்களுக்குக் கறுப்பு என்றுதான் சொல்வேன். நெட்ஃபிளிக்ஸில் 2015-இல் வந்த ‘டேர்டெவில்’ தொடரின் முதல் சீசனில் கடைசி எபிசோடு வரைக்கும் அதன் நாயகன், பார்வையற்ற வக்கீல் மேட் மர்டாக், முகத்தில் ஒரு கறுப்புத் துணியோடுதான் அடித்தார், அடி வாங்கினார். கொம்பு வைத்த சிவப்புக் கவசம் 13-ஆவது எபிசோடில்தான் வந்தது. 2018-இல் மூன்றாம் சீசன் மறுபடி கறுப்புக்கே போனது. அந்த உடையில் அவர் களைத்துப்போன மனுஷனாகத் தெரிகிறார், தொடரின் உயிரே அதுதானே.

நந்தம்பாக்கம் டிரேட் சென்டருக்கு 2024 பிப்ரவரியில் காமிக் கான் என்ற காமிக்ஸ் ரசிகர் விழா வந்தது. அது மாதிரிக் கூட்டத்தில் கறுப்பில் நின்றால் தொடரை ஊறிப் பார்த்தவர்கள்தான் நெருங்குவார்கள். இரண்டாம் எபிசோடின் காரிடார் சண்டைக்குப் பிறகு சுவரில் சாய்ந்து மூச்சு வாங்குவதுபோல் நிற்கச் சொல்லிப் படம் எடுப்பார்கள்.

உடம்புக்கு ஒட்டிய கறுப்பு முழுக்கை டி-ஷர்ட், கார்கோ பேன்ட், பூட்ஸ் போதும். வேலை முழுக்க முகமூடியில். நெற்றிக்கும் பின்தலைக்கும் லைக்ரா என்ற இழுபடும் துணி இரண்டு அடுக்கு. கண் வரும் பட்டையில் மட்டும் கறுப்பு வலைத்துணி ஒரே அடுக்கு. வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு என்பதால் எதிரில் நிற்பவருக்குக் கண் தெரியாது, உங்களுக்கு வழி தெரியும். அரங்கில் விளக்கைக் குறைத்தால் அதுவும் போச்சு, படிக்கட்டில் கைபிடிக்க ஆள் வேண்டும். மூக்கருகே கீழ் ஓரத்தில் மெல்லிய எலாஸ்டிக் வைத்துத் தைக்காவிட்டால் பேசப் பேசத் துணி மேலேறும்.

மூன்றாம் சீசனில் அவர் கையில் சுற்றியிருக்கும் கயிற்றுக்கு 6 மி.மீ. பருத்திக் கயிறு, கைக்கு 3 மீட்டர். வெறுங்கையில் இறுக்கிச் சுற்றினால் விரல் மரத்துப்போகும். விரல் இல்லாத கையுறையின் மேல் தளர்வாகச் சுற்றித் தைத்துவிடுங்கள், அப்படியே கழற்றி மாட்டலாம்.

*

மேலே கறுப்புக்காக அண்ணன் சொன்னது சரி. ஆனால் நான் சிவப்புக் கட்சி, குழந்தைகள் ஓடி வருவது கொம்புக்குத்தான். சிவப்பைப் பார்த்து எமதர்மன் என்று கைகாட்டுகிற குழந்தையும் உண்டு. எப்படியும் முதலில் கொம்பைத்தான் பிடித்து இழுப்பார்கள். அதனால் கொம்பை ஒட்டவே ஒட்டாதீர்கள். அடியில் 10 மி.மீ. நியோடிமியம் காந்தம் ஒன்று, தலைக்கவசத்தில் ஒன்று. இழுத்தால் கழன்று வரும், கிழியாது.

கவசத்துக்கு ஈ.வி.ஏ. ஃபோம் என்ற மெத்தென்ற பிளாஸ்டிக் தகடு: மார்புக்கும் தொடைக்கும் 5 மி.மீ., தோளுக்கு 10, விளிம்பு வேலைக்கு 2. குழந்தைகள் அறையில் போடும் புதிர்த் துண்டுப் பாய் பெரும்பாலும் ஈ.வி.ஏ.தான். யோகா பாய் பலது பி.வி.சி.; அதில் ஹீட் கன் (சூடான காற்று ஊதும் கருவி) காட்டினால் வருவது நச்சுப் புகை. தெர்மாகோலை நினைக்கவே வேண்டாம், ஸ்ப்ரே பெயின்ட் பட்டதும் கரைந்து குழியாகும்.

அளவுக்கு, போட்டிருக்கும் பழைய பனியன் மேல் கிளிங் ஃபிலிம் (சாப்பாடு மூடும் மெல்லிய பிளாஸ்டிக்), அதன்மேல் டக்ட் டேப் சுற்றி, மார்க்கரில் கோடு போட்டு, வெட்டி எடுத்துச் செய்தித்தாளில் பிரதி எடுங்கள். சுற்றளவில் 1 செ.மீ. கூட்டி வையுங்கள், உள்ளே துணியும் வியர்வையும் இடம் கேட்கும்.

சென்னையில் காலை வாருவது பசை. ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்த பிறகே அழுத்த வேண்டும், பொதுவாகப் பத்து நிமிடம். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இது பலிக்காது. கரைப்பான் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும், காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படியும். வெண்மையாக ஒரு படலம் தெரிந்தால் அந்த இணைப்பு நிற்காது, உட்கார்ந்தவுடன் பிரியும். மழையில்லாத நாளில், வெயில் ஏறிய பிறகு, ஜன்னலைத் திறந்து வைத்து ஒட்டுங்கள். பசை ஆவி தீப்பற்றும், பக்கத்தில் ஹீட் கன் ஓடக்கூடாது.

பெயின்டுக்கு முன் ஹீட் கன்னால் மேற்பரப்பு லேசாகப் பளபளக்கும் வரை சூடாக்கினால் துளைகள் மூடும். மேலே ஃபெவிகால் பூசுவது பழைய வழி. வியர்வை பட்டால் அது இளகிப் பிசுபிசுக்கும், முழங்கை மடிப்பில் வெடிக்கும். கொஞ்சம் செலவானாலும் வளைகிற ரப்பர் பூச்சு ஸ்ப்ரேதான் சரி, மூன்று மெல்லிய பூச்சு.

*

தலைக்கவசத்தை 3டி பிரின்ட் செய்கிறவர்கள் கவனிக்க: பி.எல்.ஏ. என்ற வழக்கமான பிரின்ட் பிளாஸ்டிக் 60 டிகிரி அருகிலேயே இளகும். வெயிலில் நிறுத்திய கார் டேஷ்போர்டில் வைத்தால் கொம்பு சாயும், கன்னம் கோணும். பி.ஈ.டி.ஜி. என்ற இன்னொரு பிளாஸ்டிக் 80 வரை தாங்கும். சிவப்பு லென்ஸ் ஆவி படியாமலிருக்கப் பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு சொட்டு தடவி, உலர்ந்த துணியால் துடையுங்கள். ரிச்சி தெருவில் 5 வோல்ட் சின்ன விசிறி வாங்கிப் பவர் பேங்கில் இணைத்தால் இன்னும் நல்லது.

டேர்டெவில் சண்டைக்கு வைத்திருக்கும் கழி உலோகத்தில் வேண்டாம். பி.வி.சி. குழாய் மேல் ஃபோம் சுற்றுங்கள், வாசல் சோதனையில் தகராறு வராது. மேட் மர்டாக்காகக் கோட்டு, சிவப்புக் கண்ணாடியோடு வருகிறவர்கள் வெள்ளைக் கோலை மடித்துக் கையில் வைத்தால் போதும். கூட்டத்தில் தட்டித் தடவி நடித்துக் காட்டுவது அங்கே வரும் பார்வையற்றவர்களை நோகடிக்கும்.

முக்கால் மணிக்கொரு தடவை தலைக்கவசத்தைக் கழற்றி ஓ.ஆர்.எஸ். அல்லது உப்புப் போட்ட மோர் குடியுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஃபோமின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைத்து நிழலில் காய வையுங்கள். மடித்துப் பெட்டியில் திணித்தால் மடிப்பு அப்படியே நின்றுவிடும், மார்புத் துண்டை ஹேங்கரில் மாட்டுங்கள்.