காரொலினைட்டிஸ் நீந்தியதா, ஊர்ந்ததா?

தண்ணீர்மலையான் (பினாங்கு):
பண்டைக் கடல்களில் வாழ்ந்து அற்றுப்போன ஓடுடைய உயிரிகளான டிரைலோபைட்டுகள் அனைத்தும் கடலடிச் சேற்றில் ஊர்ந்தவையே என்றும், நீந்தும் டிரைலோபைட்டு என்பது ஓவியர்களின் கற்பனை என்றும் செந்தூல் நண்பர் நேற்று நம் புலனக் குழுவில் எழுதியதைப் படித்து மனம் கொதித்தது. ஏறத்தாழ 47 கோடி ஆண்டுகளுக்கு முன், ஓர்டோவிசியக் கடல்களில் வாழ்ந்து மறைந்த காரொலினைட்டிஸ் பேரினத்தை அவர் ஒருமுறையேனும் பார்த்திருந்தால் இப்படி எழுதியிருக்க மாட்டார். தலையின் இரு பக்கங்களிலும் உருண்டு புடைத்த அதன் கண்கள் பக்கவாட்டில் மட்டுமன்றி மேலும் கீழும் பார்க்கக்கூடியவை. சேற்றில் வயிறு படியக் கிடக்கும் உயிரிக்குத் தனக்குக் கீழே பார்க்கும் கண் எதற்கு?

செந்தூல்வாசி (கோலாலம்பூர்):
ஐயா, கண்ணைப் பற்றி நான் கேட்கவில்லை. நீந்துவதற்குக் கால்கள் வேண்டும். காரொலினைட்டிஸின் கால்களைக் கண்டவர் யார்? ஒருவருமில்லை. காலைக் காட்டாமல் நீந்தியது என்று சொல்வது நியாயமா?

தண்ணீர்மலையான்:
டிரைலோபைட்டின் முதுகோடு சுண்ணாம்பால் ஆனது, ஆகவே கல்லாக நிலைத்தது. கால்களில் சுண்ணாம்பு இல்லை, ஆகவே அழுகிப் போயின. இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட டிரைலோபைட்டு இனங்களில் கால்கள் தெரிந்தவை மிகச் சிலவே. அப்படியிருக்க, ஊர்ந்தன என்று தாங்கள் உறுதியாகச் சொல்வனவற்றில் எத்தனைக்குக் கால்களைப் பார்த்தீர்கள்?

செந்தூல்வாசி:
கேள்விக்குக் கேள்வி பதிலாகாது. கால்கள் எங்கே?

பட்டர்வொர்த் ஆசிரியை:
இருவரும் பொறுத்தருள வேண்டும். டிரைலோபைட் என்றே எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, முக்கூறுடலி என்று தமிழில் எழுதினால் என்ன? தலை, உடல், வால் என்ற மூன்று கூறுகளால்தானே அப்பெயர் வந்தது?

தண்ணீர்மலையான்:
அம்மா, சொல் நல்ல சொல்தான், விளக்கம் தவறு. நடுவில் ஒரு மேடு, அதன் இருபுறமும் இரு பக்கங்கள் என நீளவாக்கில் பிரிந்த மூன்று கூறுகளே அப்பெயருக்குக் காரணம். மாணவர்களிடம் இதைத் திருத்திச் சொல்லுங்கள்.

பட்டர்வொர்த் ஆசிரியை:
என் மாணவர்களுக்கு எதைச் சொல்ல வேண்டும் என்பதைத் தாங்கள் கற்றுத்தர வேண்டியதில்லை. தமிழ்ச் சொல்லைப் பற்றிக் கேட்டவளுக்குப் பாடம் நடத்துவது தங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

செந்தூல்வாசி:
அவர் எல்லோருக்கும் பாடம் நடத்துவார். சென்ற ஆண்டு லங்காவிப் பயணத்தில் சுண்ணாம்புப் பாறையில் ஓடிய, கால்சைட் என்னும் சுண்ணாம்புக் கனிமத்தாலான வெள்ளைக் கோட்டைக் கடலல்லி என்ற கடலுயிரியின் புதைபடிவம் என்று காட்டி, இருபது பேரை வெயிலில் நிற்க வைத்தவர் இவர்தான். கருங்கல்லைத் தவிர வேறு பாறையைக் காண்பதே அரிதான பினாங்குத் தீவில் இருந்துகொண்டு புதைபடிவம் பேசினால் இப்படித்தான் நேரும்.

தண்ணீர்மலையான்:
தங்கள் ஊர்ப் பத்துமலையும் சுண்ணாம்புக்கல்தான். ஆனால் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் சலவைக்கல்லாக மாறிப்போன அந்தக் குன்றில் எத்தனை டிரைலோபைட்டுகளை எடுத்தீர்கள்? லங்காவியில் நான் தவறியதை அன்று மாலையே ஒப்புக்கொண்டேன். தாங்கள் இன்றுவரை எதையும் ஒப்புக்கொண்டதில்லை.

காரொலினைட்டிஸுக்கு வருகிறேன். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் உள்ள கரோலின் ஓடையை ஒட்டி, ஜப்பானிய அறிஞர் கொபயாஷி 1940இல் சூட்டிய பெயர் அது. அப்பேரினத்தின் ஓர் இனம் ஆஸ்திரேலியாவிலும், அமெரிக்காவின் யூட்டாவிலும், வடதுருவத்தை அடுத்த ஸ்பிட்ஸ்பெர்கன் தீவிலும் கிடைக்கிறது. அன்று இந்நிலங்கள் யாவும் வெப்பமண்டலத்தில் இருந்தன; ஆயினும் அவற்றுக்கிடையே பெருங்கடல் கிடந்தது. ஆழமற்ற கரையோரச் சுண்ணாம்புக் கல்லிலும் அது உண்டு, ஆழ்கடல் களிப்பாறையிலும் உண்டு. அடியில் ஊர்ந்த உயிரி தனக்கேற்ற தரையை விட்டு அகலாது. மேலே நீந்தியதோ இறந்தபின் எந்தத் தரையிலும் விழும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்:
குஞ்சுப் பருவத்தில் நீரோட்டத்தோடு மிதந்து பரவியிருக்கலாமே? பெரிதானபின் ஊர்ந்திருக்கலாம்.

தண்ணீர்மலையான்:
தம்பி, குஞ்சுகள் மிதந்ததே காரணமென்றால், அதே கடலில் அடியில் வாழ்ந்த மற்ற டிரைலோபைட்டுகளும் அவ்வாறே பரவியிருக்க வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை ஒரே கண்டத்தைச் சுற்றியே நின்றுவிட்டன.

செந்தூல்வாசி:
மிதப்பது வேறு, நீந்துவது வேறு. நீந்தியது என்றால் கால்களைக் காட்டுங்கள்.

தண்ணீர்மலையான்:
தாங்கள் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறீர்கள். என் மேசையில் மொராக்கோவிலிருந்து வந்த பாகோப்ஸ் வகை டிரைலோபைட்டு ஒன்று இருக்கிறது. நகைக்கடையில் பயன்படுத்தும் பூதக்கண்ணாடியை அதன் கண்மேல் வைத்தால், கடுகு அடுக்கியதுபோல் ஒளியைக் குவிக்கும் சிறு வில்லைகள் தனித்தனியாக நிற்பதை எண்ணிவிடலாம். காரொலினைட்டிஸின் கண்ணிலோ வில்லைகள் நுண்ணியவை, நெருக்கமானவை. ஆனால் இரண்டிலும் வில்லை கால்சைட்டால் ஆனது என்பதால்தான், கால்கள் அழிந்த பிறகும் கண்கள் நமக்குச் சான்று சொல்கின்றன. வில்லையின் அகலத்தையும் அடுத்தடுத்த வில்லைகளுக்கு இடையிலுள்ள கோணத்தையும் அளந்து, ஒரு கண் எவ்வளவு வெளிச்சத்துக்கு ஏற்றது என்று கணக்கிடலாம். மெக்கார்மிக், ஃபோர்ட்டி என்னும் ஆய்வாளர் இருவர் 1998இல் அப்படி அளந்து, காரொலினைட்டிஸின் கண் மேல்மட்ட நீரின் பளிச்சென்ற ஒளிக்கும், மற்றொரு டிரைலோபைட்டான பிரைசைக்ளோபைஜியின் கண் ஆழத்தின் மங்கிய ஒளிக்கும் பொருந்துவதாகக் காட்டினார்கள். அவ்விரண்டும் கிடைக்கும் பாறைகளும் அதற்கு இசைவாகவே அமைந்திருக்கின்றன. இதைவிட என்ன சான்று வேண்டும்?

செந்தூல்வாசி:
கால்கள்.

பட்டர்வொர்த் ஆசிரியை:
முக்கூறுடலி என்று எழுதுங்கள் என்று கேட்டு ஒரு மணி நேரமாகிறது.

தண்ணீர்மலையான்:
அந்தக் கண்ணின் அளவுகளை நாளைக் காலை எழுதுகிறேன். செந்தூல் நண்பர் அதுவரை தம் ஊர்ந்த டிரைலோபைட்டுகளின் கால்களைத் தேடி வைக்கட்டும்.