ஒற்றைக் கோப்பு ஃபிரேம்வொர்க்கும் குலசேகரத்து ரப்பர்க் கடையும்

ரப்பர்க்காடு, குலசேகரம்

சின்ன ஃபிரேம்வொர்க்கை (இணையப் பக்கங்கள் கட்ட ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல் சட்டகத்தை) நம்பி இறங்கிக் கையைச் சுட்டுக்கொண்ட கதை எல்லோரிடமும் ஒன்று இருக்கும். என்னுடையதை முதலில் வைக்கிறேன். உங்களுடையதையும் எழுதுங்கள்.

ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கும் கடை ஒன்றில் கணக்கு எழுத மென்பொருள் கேட்டார்கள். யார் எத்தனை கிலோ கொண்டுவந்தார், ஷீட் என்ன தரம், அன்றைய விலை, முன்பணம் கழித்தால் மிச்சம் எவ்வளவு, அவ்வளவுதான். கடையில் இருந்தது இரண்டு ஜிபி நினைவகம் கொண்ட கிழட்டுக் கணினி. மழை பெய்தால் இணையம் போய்விடும், நம் கன்னியாகுமரி மாவட்டத்திலோ இரண்டு பருவமழையும் பெய்யும். ஆகவே எல்லாம் அந்தக் கணினிக்குள்ளேயே ஓட வேண்டும். நான் பென்டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வர வேண்டும்.

'பாட்டில்' (Bottle) அதற்கென்றே செய்ததுபோல் இருந்தது. பைத்தான் என்ற நிரல்மொழிக்கு மார்செல் ஹெல்காம்ப் 2009இல் வெளியிட்ட ஃபிரேம்வொர்க் அது. மொத்தமும் ஒரே கோப்பு, ஏறத்தாழ நாலாயிரம் வரி. பைத்தானோடு வருகிற நூலகங்களை, அதாவது ஆயத்த நிரல் தொகுப்புகளை, தவிர வேறெதையும் கேட்காது. கோப்புறையில் அதைப் போட்டால் நிறுவல் முடிந்தது. முதல் நாள் மாலையே பட்டியல் பக்கம் வந்துவிட்டது. அன்று எனக்கிருந்த மிதப்பைச் சொல்லி முடியாது.

மறுநாள் கடையில் உட்கார்ந்து, ஊர் என்ற கட்டத்தில் 'பொன்மனை' என்று அடித்துச் சேமித்தேன். திரையில் வந்தது, தலையில் சாய்கோடு வைத்த லத்தீன் 'ஏ' ஏழு தடவை. இடையிடையே வட்டத்துக்குள் அடைபட்ட வணிகமுத்திரைக் குறி. கடைக்காரர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "தம்பி, எனக்கு மலையாளம் படிக்கத் தெரியும். இது மலையாளமும் இல்லையே" என்றார்.

நம் கண்ணுக்குப் பொன்மனை நாலு எழுத்து. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கும் யூனிகோடில் அது ஏழு குறியீடு, அதைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் 21 பைட். நான் பயன்படுத்திய 0.12 பதிப்பில், படிவத்தில் வந்த மதிப்பை 'கெட்' என்று கேட்டால் அந்தப் பைட்டுகள் ஒவ்வொன்றையும் தனித்தனி லத்தீன் எழுத்தாக எண்ணித் திருப்பித் தரும். அதே பெயரைப் புள்ளி வைத்துக் கேட்டால் சரியாகத் தரும். ஆவணத்தில் கோட்டிங்கன் என்ற ஜெர்மன் ஊர்ப் பெயரை வைத்து இதை விளக்கியே இருக்கிறார்கள். படிக்காதது என் தப்பு. ஆனால் கோட்டிங்கனுக்குக் கெடுவது ஓர் எழுத்து, பொன்மனைக்கு மிஞ்சுவது ஒன்றுமில்லை.

இதில் ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். அன்றிரவு அந்தக் கோப்பையே திறந்து, படிவம் எங்கே பிரிக்கப்படுகிறது என்று வரிவரியாகப் போய்க் கண்டுபிடித்துவிட்டேன். பெரிய ஃபிரேம்வொர்க்காக இருந்தால் நாலைந்து நூலகங்களுக்குள் நுழைந்து அலைந்திருப்பேன்.

தலைவலி அதற்குப் பிறகுதான். உள்நுழைவை நினைவில் வைக்க வழி இல்லை, எழுதினேன். கிலோ கட்டத்தில் எழுத்தை அடித்தால் தடுக்க ஏதும் இல்லை, எழுதினேன். தரவுத்தளத்தின் அட்டவணையை மாற்ற வேண்டியிருந்தது, அதற்கும் எழுதினேன். மூன்று வாரத்தில் 'உதவி' என்ற பெயரில் ஆயிரத்து நூறு வரிக் கோப்பு ஒன்று வளர்ந்து நின்றது. பாட்டிலின் வரிகளை ஊர் உலகம் பார்த்துத் திருத்தியிருக்கிறது. என் ஆயிரத்து நூறு வரியைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

கலங்கரை, முட்டம்

அண்ணே, உங்களுக்குப் பொன்மனை என்றால் எனக்கு அயிலை மீன்.

கரையில் ஏலக் கணக்கு எழுதும் அக்கா ஒருவருக்குக் கைப்பேசியில் ஒரு பக்கம் செய்து கொடுத்தேன். கூடை எத்தனை, கூடைக்கு என்ன விலை, மொத்தம் எவ்வளவு. திரையைக் கட்ட உதவும் ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் தெரியும், ஆனால் அதில் உலாவிப் பக்கத்தைக் கையாளும் டாம் பகுதி மட்டும் சுருக்கிய பிறகும் நாற்பது கிலோபைட்டைத் தாண்டும். அதன் சிறிய மாற்றான ப்ரியாக்ட் மூன்று கிலோபைட். எழுதும் முறையும் ஏறக்குறைய ஒன்றே. யோசிக்காமல் மாறினேன்.

அக்கா கூடைக் கட்டத்தில் 36 என்று அடிக்கிறார். மொத்தம் அசையவில்லை. விரலில் மீன் ஈரம். திரைதான் ஏற்கவில்லை என்று நினைத்து முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடி அடிக்கிறார். இப்போது கட்டத்தில் 3636. பக்கத்தில் ஏலம் ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு கட்டத்தைத் தொட்டதும் மொத்தம் ஒரே தாவலில் லட்சங்களுக்குப் போனது. அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. பேசாமல் நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

காரணம் இதுதான்: ரியாக்டில் 'ஆன்சேஞ்ச்' என்று போட்டு எழுதிய நிரல் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓடும். உலாவியின் சொந்த 'சேஞ்ச்' நிகழ்வு அப்படியல்ல, கட்டத்தை விட்டு வெளியே வந்தால்தான் எழும். ப்ரியாக்ட் தன் உடம்பை இளைக்க ரியாக்டின் நிகழ்வு அடுக்கை விட்டுவிட்டு உலாவியின் நிகழ்வையே நேராகப் பயன்படுத்துகிறது. 'ஆன்இன்புட்' என்று ஒரு சொல்லை மாற்றியதும் சரியாகிவிட்டது. கம்பாட் என்ற துணைப் பகுதியைச் சேர்த்தாலும் ரியாக்டைப் போலவே நடந்துகொள்ளும். ஒரு சொல்லுக்காக நான் இழந்தது இரண்டு நாள்.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை கிலோபைட் எண்ணிய நான் அந்தப் பக்கத்தின் தலையில் வள்ளம் படம் ஒன்றை வைத்திருந்தேன். அதன் எடை 1.8 எம்பி! சர்வர் முதல் தவணையில் அனுப்புவது பெரும்பாலும் பத்துத் தரவுப் பொட்டலம், அதாவது சுமார் 14 கிலோபைட் (2013இல் வந்த ஆர்எஃப்சி 6928 என்ற இணைய நெறி ஆவணம் சொல்லும் கணக்கு). அதற்குள் அடக்க வேண்டும் என்றுதான் நூலகத்தை மாற்றினேன். படத்தை எடுத்தபோதுதான் பக்கம் உண்மையில் விரைவாக வந்தது.

டீச்சர், மார்த்தாண்டம்

நான் சுருக்கமாக எழுதுகிறேன், விடைத்தாள் திருத்த வேண்டும்.

ஆய்வகத்தில் மாணவர்களுக்கு நானும் பாட்டில்தான் சொல்லிக் கொடுத்தேன். என் கணினியில் ஓடும் பக்கத்தை முப்பது பேரும் திறக்க வேண்டும். ஒருவன் விளையாட்டாகத் தன் பகுதியில் இருபது விநாடி தூங்கும்படி எழுதிவிட்டான். "டீச்சர், சுற்றிக்கொண்டே இருக்கிறது" என்று மொத்த வகுப்பும் கத்தியது. பாட்டிலுடன் இயல்பாக வரும் சர்வர் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைத்தான் கவனிக்கும். வெயிட்ரஸ் போன்ற வேறு சர்வரை நிறுவி அதன் பெயரைச் சொன்னால் போதும். ஆனால் 'வேறெதுவும் தேவையில்லை' என்ற பெருமை அந்த இடத்தில் கழன்றுவிடுகிறது.

இந்தப் பெருமையை அர்மின் ரோனாச்சர் என்ற பைத்தான் நிரலாளர் 2010 ஏப்ரல் முதல் தேதி நன்றாகக் கிண்டல் செய்தார். 'ஒரே கோப்பு, சார்பு எதுவும் இல்லை' (வேறு நூலகம் எதுவும் வேண்டாம்) என்று ஒரு ஃபிரேம்வொர்க்கை வெளியிட்டார். உள்ளே பார்த்தால் வெர்க்ஸாயிக், ஜின்ஜா என்ற இரண்டு நூலகங்களையும் பொட்டலமாகக் கட்டி அந்தக் கோப்புக்குள் திணித்திருந்தார். அந்தக் கேலியிலிருந்துதான் ஃபிளாஸ்க் என்ற ஃபிரேம்வொர்க் பிறந்தது. ஃபிளாஸ்க் தன் சார்புகளை ஒளிப்பதில்லை. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

பூச்சந்தை, தோவாளை

நீங்கள் எல்லோரும் சிறியதைத் திட்டுகிறீர்கள். என் பக்கம் நேர்மாறு. பூ ஆர்டர் எடுக்கும் பக்கத்தைப் பெரிய ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க்கில் கட்டியிருந்தேன். ஓணத்துக்கு முந்தின வாரம், கேரளத்துக்கு லாரி லாரியாகப் பூ போகிற நேரத்தில், ஒரு கட்டத்தைச் சேர்க்கப்போனால் பில்ட் (எழுதிய நிரலை உலாவிக்கு ஏற்பத் தொகுக்கும் வேலை) ஓடவில்லை. நான் பெயரே கேள்விப்படாத ஏதோ ஒரு துணைப் பொட்டலம் மாறியிருந்தது. ஆர்டரை எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வாங்கினோம். இப்போது சர்வரில் ஹெச்டிஎம்எல், அதோடு ஹெச்டிஎம்எக்ஸ் என்ற சின்ன ஜாவாஸ்கிரிப்ட் நூலகம், ஒரே கோப்பு. பில்ட் என்ற பேச்சே இல்லை.

ரப்பர்க்காடு, குலசேகரம்

தோவாளைக்காரர் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். நான் சிறியதைத் திட்டவில்லை. எதை வெட்டிச் சிறிதாக்கினார்கள் என்று பார்க்காமல் எடுத்ததைத்தான் திட்டுகிறேன். ரூபி என்ற நிரல்மொழியில் கேம்பிங் என்று ஒரு ஃபிரேம்வொர்க் உண்டு. நாலு கிலோபைட்டுக்குள் அடக்குவதே அதன் பந்தயம். அதற்காக வரிகளை நசுக்கி எழுதிவிட்டு, மனிதர்கள் படிப்பதற்கென்று விரித்தெழுதிய இன்னொரு கோப்பையும் கூடவே வைத்திருந்தார்கள். விளையாட்டு என்று தெரிந்தே விளையாடியவர்கள், அதனால் அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

டீச்சர் சொன்னபடி, அடுத்த வேலையை ஃபிளாஸ்க்கில்தான் செய்தேன். ரப்பர்க் கடை மட்டும் இன்னும் பாட்டிலில் ஓடுகிறது. போன வாரம் கடைக்காரரின் மகள், கல்லூரியில் கணினி படிக்கிறவள், ஒட்டுப்பாலுக்கு ஈரக்கழிவு என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்று தானே உட்கார்ந்திருக்கிறாள். இரவு ஒன்பது மணிக்கு எனக்கு அழைப்பு வந்தது.

"அண்ணா, அந்தப் பெரிய கோப்பு புரிகிறது. 'உதவி' என்று இருக்கிறதே, அதை யார் எழுதியது?"