வைரல் லோட் நல்லா இருக்கு, ஆனா தாம்பத்தியம் முடியல... மாத்திரையாலயா?

தறிக்காரன்38:
வணக்கம்ங்க. இதை நேர்ல யார்கிட்டயும் கேக்க வாய் வரல, அதான் இங்க எழுதறேன். ஈரோடு பக்கம், தறி ஓட்டறேன், வயசு 38. 2022ல நம்பிக்கை மையத்துல எச்ஐவி பாசிட்டிவ்னு சொன்னாங்க, வீட்டுக்காரிக்கும் பையனுக்கும் எடுத்துப் பாத்ததுல நெகட்டிவ், அந்த ஒரு விஷயத்துல சாமி காப்பாத்துச்சுங்க. அப்ப இருந்து டிஎல்டின்னு எச்ஐவிக்குக் குடுக்கிற கூட்டு மாத்திரை ராத்திரி ஒண்ணு, ஒரு நாள் விட்டதில்ல. ரத்தத்துல வைரஸ் எவ்வளவு இருக்குன்னு பாக்கிற வைரல் லோட் டெஸ்ட்ல போன தடவை டிஎன்டின்னு, அதாவது வைரஸ் தென்படலன்னு வந்துச்சு, கவுன்சிலர் மேடம் சந்தோசப்பட்டு கை குடுத்தாங்க.

இப்ப பிரச்சனை வேறங்க. எட்டு மாசமா எழுச்சி சரியா வரமாட்டேங்குது, வந்தாலும் காண்டம் கவரைப் பிரிக்கிற சத்தம் கேட்டாவே அடங்கிப்போயிடுது. அவ ஒண்ணும் சொல்றதில்ல, செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறா, ஆனா தூங்கலைன்னு எனக்குத் தெரியும். பேப்பர் விளம்பரம் பாத்து லாட்ஜுல உக்காந்திருந்த ஒரு வைத்தியர்கிட்ட போனேன், நாடி புடிச்சிட்டு நரம்புத் தளர்ச்சின்னு 6,500 ரூபாய்க்கு லேகியமும் ஒரு செவப்புப் பொடியும் குடுத்தாரு. நோய் இருக்குன்னு அவர்கிட்ட சொல்லலங்க. இருபது நாள் சாப்பிட்டேன், ஒரு பிரயோசனமும் இல்ல. இது ஏஆர்டி மாத்திரையால, அதான் இந்த எச்ஐவி மாத்திரையால வர்றதா? ஒரு பத்து நாள் நிறுத்திப் பாத்தா தெரிஞ்சிடும்ல?

வைகைக்கரை:
தம்பி, மத்தது எல்லாம் அப்புறம், மாத்திரைய மட்டும் நிறுத்திராதீங்க. நிறுத்துனா சில வாரத்துலயே வைரஸ் திரும்பக் கிளம்பிரும், அதோட அந்த மருந்துக்கே அடங்காம போகவும் வாய்ப்பு இருக்கு. நான் 2007ல இருந்து பாசிட்டிவ். அப்பல்லாம் ஸ்டாவுடின் சேர்ந்த மாத்திரைதான் குடுப்பாக, அதுல என் கன்னம் ரெண்டும் ஒட்டிப்போய் ஊர்ல ஒவ்வொருத்தனும் என்னடா ஆச்சுன்னு கேட்டான், அதையே தாண்டி வந்தாச்சு. இப்ப குடுக்கிறது எவ்வளவோ மேல்.

உங்களுக்கு இருக்கிற இதே பிரச்சனை எனக்கு 44 வயசுல வந்துச்சு. நானும் மாத்திரை மேலதான் பழியப் போட்டேன், ரெண்டு வருசம் வெளிய சொல்லாம வச்சிருந்தேன். கடைசில பாத்தா சுகர். வெறும் வயித்துல 210. சுகர், பிரஷர், பீடி இது மூணும் ரத்தக் குழாயத்தான் மொதல்ல கெடுக்கும், ஆம்பளைக்கு அது மொதல்ல அங்கதான் தெரியுமாம், நெஞ்சு வலி எல்லாம் பிறகுதான் வருமாம். அதனால இதை வெறும் படுக்கை விசயம்னு விட்றாதீங்க. ஒண்ணு சொல்லுங்க, விடியக்காலைல தூங்கி எந்திரிக்கும்போது எழுச்சி இருக்கா இல்லையா? பீடி சிகரெட் உண்டா?

தறிக்காரன்38:
காலைல வாரத்துல ரெண்டு மூணு நாள் இருக்குதுங்கண்ணா. பீடி ஒரு கட்டு ஆயிடும், நைட் ஷிஃப்ட்ல கூடவே போகும். மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து 9 கிலோ ஏறியிருக்கேன். சுகர் கடைசியா எப்ப பாத்தாங்கன்னு ஞாபகம் இல்லைங்க.

ஓய்வுபெற்ற_கவுன்சிலர்:
நான் ஏஆர்டி மையத்துல பல வருஷம் கவுன்சிலரா இருந்தவ. இதே கேள்வி உள்ள வச்சுக்கிட்டு கதவு வரைக்கும் போய், கைப்பிடியப் புடிச்சபடியே திரும்பி "மேடம் இன்னொண்ணு..."ன்னு நிக்கிற ஆண்களை நிறைய பாத்திருக்கேன். பாதி பேர் அப்பவும் கேக்காமலே போயிடுவாங்க. எங்க பக்கமும் தப்பு இருக்கு, காண்டம் போடுறீங்களான்னு ஒவ்வொரு தடவையும் கேப்போம், முடியுதான்னு ஒரு தடவை கூட கேக்க மாட்டோம். எனக்கு அது இப்பவும் உறுத்துது.

காலைல வருதுன்னா ரத்த ஓட்டமும் நரம்பும் ஓரளவு வேலை செய்யுதுன்னு அர்த்தம். காண்டம் கவர் சத்தத்துல அடங்குதுன்னா அங்க பயம் உக்காந்திருக்கு, அவங்களுக்குக் கொடுத்துடுவோமோங்கற பயம். டிஎன்டின்னா ரத்தத்துல வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுல இருக்குன்னு அர்த்தம், அப்படியே நிலைச்சு நிக்கிற வரைக்கும் உடலுறவு மூலமா துணைக்குப் பரவாது. ஒருத்தருக்கு இருந்து ஒருத்தருக்கு இல்லாத ஆயிரக்கணக்கான ஜோடிகளை வருஷக்கணக்கா கவனிச்சுப் பாத்து உறுதி பண்ணின விஷயம் இது, ஆறுதலுக்காக சொல்றதில்ல. காண்டத்தை நீங்களா விட்றாதீங்க, அதை உங்க டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க, ஆனா அந்த பயத்தை மட்டும் இறக்கி வைங்க.

அதுக்காக எல்லாமே மனசுதான்னும் சொல்ல மாட்டேன். எடை ஏறியிருக்கு, டிஎல்டில இருக்கிற டோலுடெக்ராவிர் சிலருக்கு எடையையும் சுகரையும் ஏத்தும். அதனால சுகர், பிரஷர், கொழுப்பு மூணும் பாக்கச் சொல்லுங்க. டெஸ்டோஸ்டிரோன்னு ஆண் ஹார்மோன் டெஸ்டும் கேளுங்க, எச்ஐவி உள்ள ஆண்களுக்கு அது குறையறது உண்டு, காலைல 10 மணிக்குள்ள வெறும் வயித்துல ரத்தம் குடுக்கணும், குறைச்சலா வந்தா இன்னொரு நாள் திரும்ப எடுத்துதான் முடிவு பண்ணணும்.

அந்தப் பொடியை இன்னைக்கே நிறுத்துங்க. செவப்புப் பொடின்னா அது செந்தூரமா இருக்கலாம், அதுல இரும்பு மாதிரி உலோகம் இருக்கும், இரும்பும் கால்சியமும் வெறும் வயித்துல டோலுடெக்ராவிரோட சேர்ந்தா மருந்து உடம்புல ஏறாம போயிடும், அதனாலதான் இரும்புச் சத்து மாத்திரை போடணும்னா ரெண்டையும் சாப்பாட்டோட சேத்துப் போடு, இல்லன்னா டிஎல்டி போட்டு 2 மணி நேரம் கழிச்சுப் போடுன்னு சொல்வோம். லேகியம்னு விக்கிறதுல சில்டெனாபிலை (எழுச்சிக்குக் குடுக்கிற வயாக்ரா மருந்து) கலந்து விக்கிறதும் பல இடத்துல புடிபட்டிருக்கு.

மெடிக்கல்ல போய் நீங்களா சில்டெனாபில் வாங்காதீங்க. டிஎல்டியோட அதுக்குப் பெரிய மோதல் இல்ல, டாக்டர் எழுதிக் குடுத்தா போடலாம். ஆனா இதைப் படிக்கிற வேற யாராவது ரிட்டோனாவிர் சேர்ந்த ரெண்டாம் கட்ட எச்ஐவி மருந்துல (மொத மருந்து கேக்காதவங்களுக்குக் குடுக்கிறது) இருந்தீங்கன்னா அது சில்டெனாபிலை உடம்புல பல மடங்கு ஏத்திடும், 48 மணி நேரத்துக்கு 25 மில்லிகிராம் தாண்டக் கூடாது. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில வைக்கிற மாத்திரை எடுக்கிறவங்க இதைத் தொடவே கூடாது, பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து.

மல்லிகைச்சரம்:
அண்ணா, உங்க வீட்டுக்காரம்மா இடத்துல இருந்தவ நான். எங்க வீட்டுக்காரர் பாசிட்டிவ், எனக்கு இல்ல. ஒன்றரை வருஷம் கிட்ட வரவே இல்ல, வந்தாலும் பாதியில எந்திரிச்சு வெளிய போயிடுவாரு. நான் என்ன நினைச்சேன் தெரியுமா, என்னைப் பாத்தா புடிக்கல, இல்ல வெளிய வேற யாரோ இருக்காங்கன்னு. சுவரைப் பாத்துப் படுத்துட்டு அதைத்தான் யோசிச்சு அழுதுட்டு இருந்தேன். ஒருநாள் கரண்ட் போன நேரத்துல இருட்டுல உக்காந்து, "உனக்கும் வந்துட்டா புள்ளைய யாரு பாப்பா"ன்னு கேட்டாரு. அவ்வளவுதான்ணா விஷயம். அதை ஒன்றரை வருஷம் முன்னாடியே சொல்லியிருக்கலாம். தயவு செஞ்சு அவங்ககிட்ட சொல்லிடுங்க, அவங்க தப்பா எதையோ நினைச்சிட்டு இருப்பாங்க.

தறிக்காரன்38:
மூணு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிச்சுக்கோங்க. போன செவ்வாக்கெழம மருந்து வாங்கப் போனப்ப அவளையும் கூட்டிட்டுப் போனேன். கவுன்சிலர் மேடம் ரூம்ல வாயே வரல, இங்க ஓய்வுபெற்ற கவுன்சிலர் எழுதின மாதிரிதான் கதவுகிட்ட போயிட்டேன், அவதான் கையப் புடிச்சு இழுத்து உக்கார வச்சு "நீங்க சொல்றீங்களா நான் சொல்லட்டுமா"ன்னா. சொல்லிட்டோம். டாக்டர் முகம் சுளிக்கவே இல்லைங்க, பீடிதான் மொத எதிரின்னாரு. வெறும் வயித்துல சுகர் 131, இன்னொரு தடவை பாக்கணும்ன்னு சொல்லியிருக்காங்க. டெஸ்டோஸ்டிரோனுக்கு வியாழக்கெழம காலைல ரத்தம் குடுக்கறேன். லேகிய டப்பாவையும் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்காரு.

மல்லிகைச்சரம் அக்கா, நீங்க எழுதினதை அவகிட்ட படிச்சுக் காட்டினேன். அவளும் அதேதான் நினைச்சிட்டு இருந்தாளாம்.