மூடி வைத்தாலும் லேப்டாப் தூங்கவில்லை, காலையில் பாதி சார்ஜ் காலி

தாம்பரம்_டெக்:
விண்டோஸ் 11, 16 ஜிபி ராம், 54 வாட்-அவர் பேட்டரி. ராத்திரி 80 சதவீதத்தில் மூடி வைத்தால் எட்டு மணி நேரத்தில் 35க்கு வந்துவிடுகிறது. ஃபேன் அவ்வப்போது சுற்றும் சத்தம் கேட்கிறது. சோழிங்கநல்லூரிலிருந்து வீடு வருவதற்குள் பைக்குள் கொதிக்கிறது. மூடியை மூடினால் ஸ்லீப் என்றுதான் வைத்திருக்கிறேன். பேட்டரி மாற்ற ரிச்சி ஸ்ட்ரீட் (சென்னை எலெக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்) போகவா, செட்டிங்கிலேயே தீருமா?

கோடம்பாக்கம்_சர்வீஸ்:
பேட்டரிக்கு இப்போதே காசு செலவழிக்காதீங்க. 45 சதவீதம் என்றால் சுமார் 24 வாட்-அவர். எட்டால் வகுத்தால் 3 வாட். ஒழுங்காகத் தூங்கும் லேப்டாப் 1 வாட்டுக்கும் கீழேதான் இழுக்கும். உங்களுடையது தூங்கவே இல்லை.

கமாண்ட் ப்ராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறங்க. ஆங்கிலத்தில் பவர்சிஎஃப்ஜி (powercfg) என்று ஒரே சொல்லாக அடித்து, இடைவெளி விட்டு /ஏ (/a) போடுங்க. எஸ்3, அதாவது பழைய பாணி ஆழ்ந்த ஸ்லீப் இருக்கிறதா, எஸ்0 மட்டுமா என்று காட்டும். எஸ்0 மட்டும் என்றால் அது மாடர்ன் ஸ்டாண்ட்பை. ஸ்க்ரீன் அணைந்தாலும் விண்டோஸ் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும், மெயில், அப்டேட் என்று இடையிடையே எழும். அடுத்து அதே கட்டளையில் /ஸ்லீப்ஸ்டடி (/sleepstudy). கடந்த மூன்று நாள் விவரம் ஒரு ஹெச்டிஎம்எல் ஃபைலாக வரும். நீண்ட நேரம் மூடியிருந்த ராத்திரியைத் திறந்து, லோ பவர் ஸ்டேட் டைம் வரியில் எஸ்டபிள்யூ (சாஃப்ட்வேர்), ஹெச்டபிள்யூ (ஹார்ட்வேர்) அடங்கியிருந்த நேரத்தின் இரண்டு சதவீத எண்களையும் இங்கே எழுதுங்க.

தாம்பரம்_டெக்:
எஸ்0 மட்டும்தான் காட்டுகிறது. எஸ்டபிள்யூ 97, ஹெச்டபிள்யூ 0. யூடியூபில், விண்டோஸின் உள் செட்டிங் பட்டியலான ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்தால் எஸ்3 வந்துவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

கோடம்பாக்கம்_சர்வீஸ்:
அந்த ரெஜிஸ்ட்ரி வேலை வேண்டவே வேண்டாம். பயாஸில், அதாவது மதர்போர்டின் அடிப்படை சாஃப்ட்வேரில், எஸ்3 இருந்தால்தான் அது பலிக்கும். இல்லாத மெஷினில் போட்டால் ஸ்லீப் என்ற ஆப்ஷனே காணாமல் போகும்.

உங்கள் எண்கள் தெளிவாகச் சொல்கின்றன. 97 என்றால் விண்டோஸ் தன் பங்குக்கு அடங்கிவிட்டது. 0 என்றால் ஏதோ ஒரு சாதனம் சிப்பை ஆழ்ந்த நிலைக்குப் போக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஆப்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பது வீண். முதலில் யூஎஸ்பி டாங்கிள், ஹப், மெமரி கார்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒரு ராத்திரி விடுங்க. மாறவில்லை என்றால் பயாஸ், சிப்செட், ஸ்டோரேஜ் டிரைவர், வைஃபை டிரைவர் நான்கையும் லேப்டாப் கம்பெனி தளத்திலிருந்தே, உங்கள் மாடல் எண்ணுக்கு எடுத்துப் போடுங்க. பிறகு ஷட் டவுன் இல்லை, ரீஸ்டார்ட். சீக்கிரம் ஆன் ஆவதற்கான ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் ஷட் டவுன் பழைய டிரைவர் நிலையையே சேமித்து வைத்துக்கொள்ளும்.

வேளச்சேரி_லினக்ஸ்:
மேலே சொன்னது சரி. ஆனால் பைக்குள் சூடாவதை இன்றைக்கே நிறுத்த வேண்டும். சித்திரை வெயிலில் மூடிய பைக்குள் ஓடும் மெஷின் பேட்டரியின் ஆயுளைத்தான் தின்னும். பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆன் (powercfg /h on) கொடுத்து, திறந்திருப்பதை டிஸ்க்கில் சேமித்துவிட்டு முழுதாக அணையும் ஹைபர்னேட்டை இயக்குங்கள். 16 ஜிபி ராமுக்கு சி டிரைவில் சுமார் 6.4 ஜிபி பிடிக்கும். கண்ட்ரோல் பேனல் பவர் ஆப்ஷன்ஸில், மூடியை மூடினால் என்ன என்ற இடத்தில் ஆன் பேட்டரிக்கு ஹைபர்னேட், பிளக்டு இன்னுக்கு ஸ்லீப்.

இதில் பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று: ஆபீஸில் சார்ஜர் செருகியிருக்கும்போதே மூடினால் பிளக்டு இன் விதிதான் செல்லும். அதன்பின் ஒயரைப் பிடுங்கினாலும் ஸ்லீப்பிலேயே பைக்குள் போகும். முதலில் சார்ஜரைக் கழற்றுங்கள், பிறகு மூடுங்கள்.

ஸ்லீப்பைத் தடுக்கும் ஆப், டிரைவர்களைக் காட்டும் /ரிக்வெஸ்ட்ஸ் (/requests) கட்டளையையும் சிலர் சொல்வார்கள். சும்மா விட்டால் தானாகத் தூங்காத மெஷினுக்குத்தான் அது உதவும். நீங்கள் கையால் மூடுகிறீர்கள்.

பெரம்பூர்_பேட்டரி:
அதே பவர்சிஎஃப்ஜியில் /பேட்டரிரிப்போர்ட் (/batteryreport) ஒன்றும் எடுத்துப் பாருங்க சார். டிசைன் கெபாசிட்டி 54,000 மில்லிவாட்-அவர் இருக்க, ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 32,000க்குக் கீழே என்றால் மட்டும் ரிச்சி ஸ்ட்ரீட் போங்க. அப்போது மாடல் பெயரைச் சொல்லிக் கேட்காதீங்க, பின்மூடியைக் கழற்றி பேட்டரி மேல் உள்ள பார்ட் நம்பரையும் வோல்டேஜையும் போட்டோ எடுத்துக் காட்டுங்க. ஒரே மாடலில் இரண்டு வகை பேட்டரி வருவதுண்டு. டச்பேட் மேலே தூக்கியிருந்தால் பேட்டரி உப்பிவிட்டது என்று அர்த்தம். அப்படியிருந்தால் ரிப்போர்ட் எல்லாம் பார்க்க வேண்டாம், சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்க.