நண்பரின் கல்யாணத்தை ஃபிலிமில் எடுக்க: முதலில் ஃபிளாஷ், பிறகு லென்ஸ்

நண்பர் தன் கல்யாணத்தை ஃபிலிமில் எடுத்துத் தரச் சொன்னதும் பெரும்பாலோர் முதலில் தேடுவது எஃப் 1.4 லென்ஸை (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது, ஒளி அதிகம்). தேட வேண்டியது ஃபிளாஷை. வழக்கமான விளக்கு வெளிச்சம் உள்ள ஹாலில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு (ஐஎஸ்ஓ என்பது ஒளியை உணரும் வேகம்) 1/60 நொடி ஷட்டர், எஃப் 2 கிடைத்தால் பெரிது. கொஞ்சம் மங்கலானால் 1/30-க்கு இறங்க வேண்டும். கேமராவை ஆடாமல் பிடித்துவிடலாம், எதிரே இருப்பவர்கள் அசையாமல் இருக்க மாட்டார்கள். போதாக்குறைக்கு, 85 மி.மீ. லென்ஸை எஃப் 2-இல் வைத்து 2 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் தெளிவாக விழும் ஆழம் 6 செ.மீ.க்குச் சற்று மேல், அவ்வளவுதான். மணப்பெண்ணின் கண் தெளிவாக இருக்கும். அரையடி பின்னால் நிற்கும் மாப்பிள்ளை மங்கிவிடுவார்.

கலர் நெகட்டிவ் ஃபிலிமின் குணமும் இதோடு சேர்ந்துகொள்கிறது. கோடாக் போர்ட்ரா 400 ஃபிலிமுக்கு ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது ஒளி இரட்டிப்பது அல்லது பாதியாவது) கூடுதலாகக் கொடுத்தால் தாங்கும். குறைவாகக் கொடுத்தால் நிழல் பகுதி சேறாகிக் கிரெயின் (ஃபிலிமின் புள்ளி மணிகள்) துருத்தும். அதனால் லைட் மீட்டரில் ஐஎஸ்ஓ 200 வைத்து எடுப்பது பாதுகாப்பு. அப்படி வைத்தால் ஹாலுக்குள் இன்னும் ஒரு ஸ்டாப் பற்றாக்குறை.

ஆகவே ஃபிளாஷ் வேண்டும். அதற்கு முதலில் கையில் இருக்கும் பாடியின் (கேமரா உடலின்) சிங்க் வேகத்தைப் பாருங்கள்: ஃபிளாஷ் அடிக்கும் நொடியில் ஷட்டர் முழுதாகத் திறந்திருக்கும் அதிகபட்ச வேகம் அது. பென்டாக்ஸ் கே1000, ஒலிம்பஸ் ஓஎம்-1, கேனான் ஏஇ-1 மூன்றுக்கும் 1/60. நிக்கான் எஃப்எம்2-இன் பிந்தைய மாடலில் 1/250. அந்த வேகத்தைத் தாண்டினால் படத்தின் ஒரு பகுதி கறுத்துவிடும்: பக்கவாட்டில் ஓடும் துணி ஷட்டரில் ஓரமாக, மேலும் கீழும் ஓடும் உலோக ஷட்டரில் மேலோ கீழோ. ஹாலுக்குள் 1/60 போதும். வெயிலில் முகத்து நிழலை நிரப்ப ஃபிளாஷ் போடும்போதுதான் இடிக்கும். நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 400-க்கு 1/60 வைத்தால் எஃப் 45 அளவுக்கு மூட வேண்டும், எந்த சாதாரண லென்ஸிலும் அது கிடையாது. 1/60 பாடி என்றால் வெளியே எடுக்க ஐஎஸ்ஓ 100 ரோல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

* * *

ஃபிளாஷ் பற்றிக் கூடுதலாகச் சிலது. கைடு நம்பரை (ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) தூரத்தால் வகுத்தால் அபெர்ச்சர், அதாவது எஃப் எண், வரும். ஐஎஸ்ஓ 100-க்கு, தூரத்தை மீட்டரில் கணக்கிட்டு, 36 என்று போட்டிருக்கும் ஃபிளாஷ், ஐஎஸ்ஓ 400-இல் 72 ஆகிவிடும். நேரடியாக அடித்தால் 9 மீட்டருக்கு எஃப் 8. ஆனால் நேரடியாக அடித்த முகம் தட்டையாகி, பின்சுவரில் கறுப்பு நிழல் ஒட்டிக்கொள்ளும். கூரையில் அடித்துத் திருப்பினால் அழகு, அதற்குக் கணக்கு வேறு. கூரை 3 மீட்டர் உயரம், ஆள் 3 மீட்டர் தூரம் என்றால் ஒளி போய் வருவது சுமார் 4 மீட்டர். கூரை விழுங்குவது இரண்டு மூன்று ஸ்டாப். கடைசியில் எஃப் 5.6 முதல் 8 வரை நிற்கும். அதே கூரை 6 மீட்டர் உயரத்தில் இருந்தால் எஃப் 2.8 முதல் 4-க்கு வந்துவிடும். கல்யாணத்துக்கு முன்பே ஹாலுக்குள் போய்க் கூரையை அண்ணாந்து பாருங்கள் என்று சொல்வது இதற்குத்தான். பச்சையோ மரநிறமோ பூசிய கூரை என்றால் அந்த நிறம் முகத்தில் இறங்கும். வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பி அடிப்பது மேல்.

பழைய ஆட்டோ ஃபிளாஷ்கள் தன் சென்சாரால் ஒளியை அளந்து தானே நிறுத்திக்கொள்ளும். வெள்ளை உடை ஃபிரேமை நிறைத்தால் சீக்கிரமே நிறுத்திவிடும், படம் இருண்டு வரும். அப்போது லென்ஸை ஒரு ஸ்டாப் திறந்துவிடுங்கள், ஃபிளாஷில் எதையும் மாற்ற வேண்டாம்.

வாங்கும்போது மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, சார்ஜ் ஆன ஃபிளாஷின் அடிப்பகுதியில் நடு முனைக்கும் பக்கவாட்டு உலோகத்துக்கும் இடையே அளந்துவிடுங்கள். பழைய விவிடார் 283-கள் சிலவற்றில் 200 வோல்ட்டுக்கு மேல் காட்டும். கே1000 மாதிரி மெக்கானிக்கல் பாடி தாங்கும். எலக்ட்ரானிக் பாடியின் சர்க்யூட் போய்விடலாம். நிக்கான் ஃபிலிம் பாடியில் டிடிஎல் (லென்ஸ் வழியே வரும் ஒளியைக் கேமராவே அளந்து ஃபிளாஷை நிறுத்துவது) வேண்டுமென்றால் நிக்கானின் எஸ்பி-28, எஸ்பி-800 ஃபிளாஷ்கள் வேலை செய்யும். எஸ்பி-900 முதல் ஃபிலிம் டிடிஎல் இல்லை, புதியதுதானே என்று அதை வாங்கிவிடாதீர்கள்.

செல்: நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ஏஏ. ஆல்கலைனைவிட வேகமாகச் சார்ஜ் ஏற்றும். ரெடி விளக்கு எரிந்த நொடியில் கப்பாசிட்டர் முழுதாக நிறைந்திருக்காது. ஓரிரு நொடி பொறுங்கள்.

* * *

லென்ஸுக்கு வருவோம். ஃபிளாஷ் இருந்தால் எஃப் 2, எஃப் 2.8 லென்ஸ்களே போதும். 35 மி.மீ. ஒன்று, 85 மி.மீ. ஒன்று, இரண்டு பாடியில் மாட்டிக்கொண்டால் நடுவில் லென்ஸ் கழற்றும் வேலையே இல்லை. 50 மி.மீ. பையில் உபரியாக இருக்கட்டும். 35-ஐ எஃப் 5.6-இல் வைத்து 3 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 2.1 முதல் 5.1 மீட்டர் வரை தெளிவு. கூட்டத்துக்குள் ஃபோகஸ் வளையத்தைத் தொடாமலே எடுக்கலாம். குழுப்படத்தில் 28 மி.மீ. வேண்டாம், ஓரத்தில் நிற்பவர்களின் முகம் இழுபடும். பின்னால் நகர்ந்து 35 அல்லது 50-இல் எடுங்கள்.

பழைய லென்ஸின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரித் தெரிந்தால் பூஞ்சை. எதிர்வெளிச்சத்தில் படம் வெளுத்துப்போகும். அபெர்ச்சர் தகடுகளில் எண்ணெய் மினுங்கினால் அவை மெதுவாக மூடும், எஃப் 8 வைத்தாலும் திறந்தபடியே எக்ஸ்போஷர் விழும்.

* * *

பலரும் சொல்லாமல் விடுவது: ஃபிலிம் போடும் முன் சிங்கைச் சோதிப்பது. பின்மூடியைத் திறந்து, அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, கேமராவையும் ஃபிளாஷையும் வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பி, பின்னாலிருந்து ஷட்டர் வழியே பார்த்தபடி அடியுங்கள். முழு வெள்ளைச் செவ்வகம் தெரிந்தால் சரி. எதுவுமே தெரியாவிட்டால் எக்ஸ்/எம் சுவிட்சைப் பாருங்கள் (எக்ஸ் எலக்ட்ரானிக் ஃபிளாஷுக்கு, எம் பழைய பல்ப் ஃபிளாஷுக்கு). எம்-இல் இருந்தால் ஷட்டர் திறக்கும் முன்பே ஃபிளாஷ் அடித்து ஓய்ந்துவிடும், ரோல் முழுக்க வெறுமையாக வரும்.

ரோல் போட்டதும் ரிவைண்டு குமிழைப் பாருங்கள். ஃபிலிமை ஓட்டும்போது அது சுழல வேண்டும். சுழலாவிட்டால், கவுண்டர் எண் ஏறினாலும் ஃபிலிம் உள்ளே நகரவில்லை என்றே பொருள். எடுத்து முடித்த ரோலை நுனி வெளியே தெரியாதபடி முழுதாகச் சுற்றிவிடுங்கள். நுனி நீட்டிக்கொண்டிருந்தால் அவசரத்தில் புது ரோல் என்று திரும்பப் போட்டுவிடுவோம். ஐஎஸ்ஓ 400 கறுப்பு-வெள்ளை ஃபிலிமான எச்பி5-ஐ 1600 என்று வைத்து எடுத்திருந்தால் அந்த டப்பாவிலேயே மார்க்கரால் 1600 என்று எழுதுங்கள். எழுதாத ரோலை லேப் 400 என்றே கழுவிவிடும்.