ஒரு கிலோ கஞ்சாவுக்கு ஆஸ்பத்திரியா?

ராமமூர்த்தி நகர் ராஜன்:
நேற்று இங்கே ஒருவர், "போதை வழக்கில் மாட்டியவனை ஜெயிலுக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்பலாம், சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. எந்தச் சட்டம்? போதைப்பொருள் சட்டத்தில் கஞ்சாவுக்குச் 'சிறு அளவு' என்பது ஒரு கிலோ வரை. காய்ந்த சரக்கு ஒரு கிலோ என்றால் தலையணை மாதிரி இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு போகிறவன் நோயாளியா? எங்கள் தெரு முனையில் தினமும் புகை. போன மாதம் பக்கத்து வீட்டு அம்மாவின் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினார்கள். அவர்களுக்கும் கட்டில் போட்டுக் கஞ்சி ஊற்ற வேண்டுமா?

மர்ஃபி டவுன் செல்வி:
அந்த ஒருவர் நான்தான். பெயர் சொல்லியே கேட்கலாம் சார், எனக்குப் பயம் இல்லை. 1985 சட்டத்தின் 64ஏ பிரிவைப் படியுங்கள். போதைக்கு அடிமையான ஒருவர் மேல் பயன்படுத்திய குற்றமோ, சிறு அளவு வைத்திருந்த குற்றமோ சாட்டப்பட்டிருந்து, அவராக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த இடத்திலோ சிகிச்சை எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. பாதியில் ஓடிவிட்டால் அந்தப் பாதுகாப்பை எடுத்துவிடலாம். சங்கிலி அறுத்தவனுக்கு இதில் இடமே இல்லை. அது திருட்டு வழக்கு, தனி.

ராமமூர்த்தி நகர் ராஜன்:
ஒரு கிலோவுக்குப் பதில் எங்கே?

வக்கீல் ஆபீஸ் மணி:
இரண்டு பேரும் ஒரு நிமிஷம் நில்லுங்கள். அந்தப் பிரிவின் ஆரம்பமே 'அடிமை' என்பதுதான். போதைப்பொருளைச் சார்ந்து வாழும் நிலையில் இருப்பவர் என்று இரண்டாம் பிரிவு விளக்கம் தருகிறது. எடை மட்டும் போதாது, அந்த நிலை இருக்க வேண்டும். 39ஆம் பிரிவு வேறு: அது குற்றம் நிரூபணமான பிறகு. உடனே தண்டிக்காமல், அவர் சம்மதத்தோடு பத்திரம் எழுதி வாங்கிச் சிகிச்சைக்கு விடலாம். ஓராண்டுக்குள் மருத்துவ அறிக்கையோடு வந்து நிற்க வேண்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிச் சண்டை தீரும்.

ராமமூர்த்தி நகர் ராஜன்:
மணி, விளக்கம் எல்லாம் உங்கள் ஆபீஸில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிலோ சரியா தப்பா, அதைச் சொல்லுங்கள்.

மர்ஃபி டவுன் செல்வி:
ஒரு கிலோ, ஒரு கிலோ என்று எத்தனை தடவை! என் தம்பியிடம் இருந்தது இரண்டு பொட்டலம். பத்து கிராம்கூட வராது. முதல் தடவை, ஒப்புக்கொண்டு அபராதம் கட்டு, மதியமே வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். கட்டினோம். அன்று சாயங்காலமே அதே ஆட்களோடு நின்றான். இரண்டாம் தடவைதான் ஒரு வக்கீல் அம்மா 64ஏ பற்றிச் சொன்னார். அவசரத்தில் ஒரு தனியார் மையத்தில் சேர்த்தோம். நாற்பதாயிரம் போனது. வாய்தா அன்று சான்றிதழை நீட்டினால், அந்த இடத்துக்கு அரசு அங்கீகாரமே இல்லையாம், செல்லாது. அம்மா அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அரசு ஆஸ்பத்திரியில் முதலிலிருந்து ஆரம்பித்தோம். முதல் வாரம் ராத்திரி முழுக்க வேர்வை, ஒரே இரவில் மூன்று பனியன் மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் சிறுநீர்ப் பரிசோதனை. ஓ.பி. சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் பச்சை ஃபைலில் போட்டு மாஜிஸ்திரேட் முன்னால் வைத்தோம். இதையா கட்டில் போட்டுக் கஞ்சி ஊற்றுவது என்கிறீர்கள்?

ராமமூர்த்தி நகர் ராஜன்:
உங்கள் தம்பி கதைக்கு வருத்தம்தான். ஆனால் நான் கேட்டது பத்து கிராம் இல்லை. 900 கிராமோடு ஒருவன் வந்து "நானும் அடிமைதான்" என்றால்? நான் எச்.ஏ.எல்.லில் 31 வருஷம் வேலை பார்த்தவன். அளவு தப்பினால் விமானம் விழும். அளவு என்றால் அளவு.

ஆர்.கே. புரம் சுந்தர்:
டில்லியிலிருந்து எழுதுகிறேன். அமெரிக்காவில் மயாமியில் 1989லேயே இதற்கென்று தனி நீதிமன்றம் தொடங்கினார்கள். சிகிச்சைக்குப் போகிறவர் அடிக்கடி அதே நீதிபதி முன் வந்து நிற்க வேண்டும். பரிசோதனையில் தவறினால் சில நாள் சிறைகூட உண்டு. முழுசாக முடித்தால் வழக்கு தள்ளுபடி. நம் ஊர் போதைப்பொருள் சிறப்பு நீதிமன்றம் விசாரணைக்கானது, அந்த மாதிரி இல்லை. சிறு அளவு வழக்குகள் மாஜிஸ்திரேட்டிடம்தான் போகின்றன. அவருக்கு முன்னால் அன்றைக்கு நூறு வழக்குக் கட்டு இருக்கும். தொடர்ந்து கூப்பிட்டுப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

ராமமூர்த்தி நகர் ராஜன்:
வந்துவிட்டார், அமெரிக்கா! மயாமியில் ஒரு கிலோ வைத்திருந்தவனை என்ன செய்வார்கள் என்று சொல்லுங்களேன். சொல்ல மாட்டீர்கள். போன வருஷம் பொங்கல் விழாக் கணக்கு கேட்டபோதும் இப்படித்தான் டில்லியில் உட்கார்ந்துகொண்டு அறிவுரை சொன்னீர்கள்.

ஆர்.கே. புரம் சுந்தர்:
பொங்கல் கணக்கு இங்கே எதற்கு? நான் கொடுத்த ஐயாயிரத்துக்கு இன்றுவரை ரசீது வரவில்லை, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

ராமமூர்த்தி நகர் ராஜன்:
ரசீது அனுப்பினேன். இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று எல்லாருக்கும் தெரியும். விடிகாலை ரயிலில் கோலார் தங்கவயல் பசங்கள் பையில் கொண்டு வருகிறார்கள்.

கோலார் மைந்தன்:
வாயை அடக்கிப் பேசுங்கள் பெரியவரே. 2001இல் சுரங்கத்தை மூடிய பிறகு எங்கள் அப்பா, சித்தப்பா எல்லாரும் இருட்டில் எழுந்து அந்த ரயிலில்தான் பெங்களூருக்கு வேலைக்கு வந்தார்கள். தூக்குச் சட்டியில் பழைய சோறு இருக்கும், கஞ்சா இருக்காது. மன்னிப்புக் கேளுங்கள்.

ராமமூர்த்தி நகர் ராஜன்:
எல்லாரையும் சொல்லவில்லை.

கோலார் மைந்தன்:
'தங்கவயல் பசங்கள்' என்றுதான் எழுதினீர்கள். அழிக்காதீர்கள், படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

வக்கீல் ஆபீஸ் மணி:
ஒரு கிலோவைத் தாண்டினால் பத்தாண்டு வரை தண்டனை. 20 கிலோவைத் தாண்டினால் குறைந்தபட்சமே பத்தாண்டு. அதற்கெல்லாம் 64ஏ கிடையாது. 900 கிராம் ஆளும் அடிமை என்பதைக் காட்டியாக வேண்டும், திரும்பவும் சொல்கிறேன்.

ராமமூர்த்தி நகர் ராஜன்:
பார்த்தீர்களா, 999 கிராம் என்றால் ஆஸ்பத்திரி, 1001 என்றால் பத்து வருஷம். நான் சொன்னதையே மணியும் சொல்கிறார்.

வக்கீல் ஆபீஸ் மணி:
நான் அதைச் சொல்லவே இல்லை.

மர்ஃபி டவுன் செல்வி:
சார், நீங்கள் 900 கிராம் ஆளை ஒரு தடவையாவது பார்த்திருக்கிறீர்களா? நான் கோர்ட் வராந்தாவில் ஏழு வாய்தா உட்கார்ந்தவள். என் பக்கத்தில் இருந்ததெல்லாம் பெயின்டர், டெலிவரி பையன், ஒரு காலேஜ் மாணவன். சட்டைப் பையில் ஒரு பொட்டலம், இரண்டு பொட்டலம். இப்படி ஒரு வழி இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியாது. அபராதம் கட்டிவிட்டுப் போனார்கள், மறுபடி வந்தார்கள். அதில் இரண்டு பேரை மூன்றாவது தடவையும் பார்த்தேன். என் கோபம் அதில்தான்.

ராமமூர்த்தி நகர் ராஜன்:
நான் பார்க்கவில்லை. பார்க்கவும் வேண்டாம். சட்டத்தில் ஒரு கிலோ என்று இருக்கிறதா இல்லையா?

மர்ஃபி டவுன் செல்வி:
இருக்கிறது. நாளைக்குத் தம்பிக்கு ஓ.பி., ஆறு மணிக்கே போய் டோக்கன் வாங்க வேண்டும். வந்து எழுதுகிறேன்.

ராமமூர்த்தி நகர் ராஜன்:
எழுதுங்கள். ஒரு கிலோவைப் பற்றி எழுதுங்கள்.

கோலார் மைந்தன்:
மன்னிப்பு இன்னும் வரவில்லை.