வாடகை மாடியில் சபை: அக்கம்பக்கத்தார் வருவதில்லையே?

பெருந்துறைக்காரன்:
சிப்காட் பக்கம் மாடி ஹாலை வாடகைக்குப் பிடித்து ஞாயிறு ஆராதனை நடத்துகிறோம். கூட்டம் கூடியிருக்கிறது; ஆனால் முக்கால்வாசி வேறு சபையிலிருந்து வந்தவர்கள். இதை வளர்ச்சி என்று சொல்ல மனசு வரவில்லை. எதிர்வீட்டுத் தறிக்காரர் இதுவரை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என்ன செய்யலாமுங்க?

பவானி அக்கா:
முதலில் ஸ்பீக்கரைக் குறைங்க தம்பி. ராத்திரி ஷிப்ட் முடிந்து தூங்குகிறவருக்கு அது நற்செய்தி இல்லை. அவர் வீட்டுக் காதுகுத்துக்குப் போங்க, மொய் வைங்க. துண்டுப் பிரசுரம் மட்டும் வேண்டாம்.

ஈரோட்டார்:
ஈரோட்டில் மிஷனரி பிரப் துரையின் நினைவு ஆலயம் 1930-களில் எழுந்தது. ஆனாலும் எங்கள் ஊரில் மிஷன் என்றால் முதலில் சொல்வது ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும்தான்.

பெருந்துறைக்காரன்:
மொய் சரிங்கக்கா. கிடா விருந்து என்றால்? சாமிக்குப் படைத்ததைச் சாப்பிடக் கூடாதென்று எங்கள் சபை மூப்பர் ஒற்றைக்காலில் நிற்கிறார்.

பவானி அக்கா:
பைபிளில் 1 கொரிந்தியர் 10:27, 28 இரண்டையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்க. யாரும் படையல் என்று சொல்லாதவரை, கேள்வி கேட்காமல் சாப்பிடலாம் என்கிறார் பவுல்.